பாதுகாப்பற்ற உறவுக்குப் பிறகு கருத்தரிக்காமல் தடுக்கும் அவசரக் கருத்தடைக்கு என்னென்ன வழிகள் உள்ளன? ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடம் இதைக் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். எவ்வளவு விரைவாகக் கேட்கிறீர்களோ அவ்வளவு நல்லது. நான் பல்லடம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராகப் பணிபுரிகிறேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குச் செல்லும் பெண்களும், விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்துப் பெண்களும், கைக்குழந்தையோடு வரும் தாய்மாரும் இதே கேள்வியோடு எங்களிடம் வருகிறார்கள். "ஏனுங்க சிஸ்டர், ஒண்ணு கேக்கோணும்" என்று தொடங்குவதற்கு முன்பே ஒரு நாள் முழுவதும் தயங்கியிருப்பார்கள். இந்தச் சிகிச்சையில் வீணாக்கக் கூடாதது அந்த ஒரு நாள்தான். ஆகவே "கல்யாணம் ஆயிருச்சா?" என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, "எத்தனை மணி நேரம் ஆச்சு கண்ணு?" என்று முதலில் கேட்பதே செவிலியரின் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பலரும் அறிந்த வழி லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரை. பாதுகாப்பற்ற உறவு நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் ஒரே வேளையாக இதை விழுங்க வேண்டும். மூன்று நாள் அவகாசம் இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. நேரம் செல்லச் செல்லப் பலன் குறையும். இம்மாத்திரை சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுகிறது. முட்டை ஏற்கெனவே வெளியேறியிருந்தால் இதனால் பெரிய பயன் இல்லை. கரு தங்கிவிட்டிருந்தால் அதைக் கலைக்கவும் செய்யாது, அதற்குக் கேடு விளைவிக்கவும் செய்யாது. கருக்கலைப்பு மாத்திரையும் இதுவும் ஒன்று என்ற எண்ணம் எங்கள் பகுதியில் படித்தவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. அந்தத் தவறான எண்ணத்தாலேயே மருந்துக் கடைக்காரர்கள் வைத்துக்கொள்ளத் தயங்குகிறார்கள், கேட்கும் பெண்ணும் குற்றம் செய்தவளைப் போலக் கூனிக் குறுகுகிறாள். மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று 2005ஆம் ஆண்டிலேயே அனுமதிக்கப்பட்ட மருந்து இது. ஆயினும் தமிழ்நாட்டில் பல கடைகளில் "இல்லைங்க" என்ற பதிலே கிடைக்கிறது. அப்படிக் கிடைக்காதபோது கடை கடையாக அலைய வேண்டாம். அரசு சுகாதார நிலையத்துக்கோ உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரிடமோ நேராகச் செல்லுங்கள். பப்பாளிக்காயும் எள்ளும் கருத்தரிப்பைத் தடுக்கும் என்று நம்பி இரண்டு நாளை இழந்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

மாத்திரையை விட வலுவான வழி, கருப்பைக்குள் பொருத்தும் காப்பர் டி என்ற சிறு கருவி. உறவு நேர்ந்த ஐந்து நாட்களுக்குள் பொருத்தினால் நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கும் மேல் கருத்தரிப்பதில்லை. அதன் பிறகும் அப்படியே விட்டுவிடலாம். காப்பர் டியில் 380ஏ என்ற வகை 10 ஆண்டுகள் வரை வேலை செய்யும். பயிற்சி பெற்ற செவிலியரே இதைப் பொருத்துவார். ஏற்கெனவே கருவுற்றிருப்பவருக்கும், கருப்பையில் நோய்த்தொற்று இருப்பவருக்கும் பொருத்தக் கூடாது என்பதால், முதலில் பரிசோதித்த பின்னரே முடிவு செய்வோம். ஒரு குழந்தை பெற்று, அடுத்த குழந்தைக்கு இடைவெளி வேண்டும் என்று நினைக்கும் பெண்ணுக்கு நான் முதலில் எடுத்துரைப்பது இதைத்தான். யூலிப்ரிஸ்டல் என்ற மாத்திரையும் உண்டு. 120 மணி நேரம் வரை நன்கு வேலை செய்யும் அந்த மாத்திரை வெளிநாடுகளில் பரவலாகப் புழங்குகிறது.

நீங்கள் உட்கொள்ளும் மற்ற மருந்துகளை மறைக்காமல் சொல்லுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாய்ன், கார்பமாசெபின் ஆகியவை லெவோநார்ஜெஸ்ட்ரலின் பலனைக் குறைத்துவிடும். அத்தகையவருக்குக் காப்பர் டியே சிறந்தது. அது இயலாதபோது மாத்திரையின் அளவைக் கூட்டுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். உடல் பருமன் மிகுந்தவருக்கும் மாத்திரையின் பலன் குறையலாம். பால் கொடுக்கும் தாய்மார் அச்சமின்றி இம்மாத்திரையை எடுத்துக்கொள்ளலாம். விழுங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மீண்டும் ஒரு மாத்திரை தேவை. குமட்டல், தலைவலி, இடையே சிறிது இரத்தக்கசிவு ஆகியவை வந்து தாமாகவே நின்றுவிடும்.

வன்கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கு அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டுமே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். புகார் பதிவாகும் வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி நாங்கள் தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். அதை அந்தப் பெண்ணிடம் ஒளிக்காமல் எடுத்துச் சொல்வேன். ஆனால் அந்த நடைமுறை முடியட்டும் என்று மாத்திரையை நிறுத்தி வைப்பது பெரும் அநீதி.

ஒரு முறை எடுத்த மாத்திரை அதற்குப் பின் நிகழும் உறவுக்குப் பாதுகாப்பு தராது. அடுத்த நாளிலிருந்தே தினசரி கருத்தடை மாத்திரையான மாலா-என் தொடங்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசியும் ஆணுறையும் இலவசமாகவே கிடைக்கின்றன. அடுத்த மாதவிலக்கு சில நாட்கள் முன்னதாகவோ பின்னதாகவோ வரலாம். வழக்கமான தேதியைத் தாண்டி ஒரு வாரம் ஆகியும் வராவிட்டால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதோடு அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி இருந்தாலோ, தலைசுற்றல் வந்தாலோ, கரு கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருக்கக்கூடும் என்பதால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.