வெள்ளை விண்மீன் வண்ணம் மாறினால் தொலைநோக்கியைச் சந்தேகிக்க வேண்டுமா?

பெரம்பூரிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் எழுதியிருக்கிறார். பேத்திக்காக 60 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்ட தொலைநோக்கி ஒன்றை வாங்கி, மார்கழி நடுவில் ஓர் இரவு எட்டு மணிக்கு மொட்டை மாடியில் வைத்து, இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸைப் பார்த்தாராம். பேத்தியின் புத்தகம் அதை ‘ஏ வகை, வெண்ணிற விண்மீன்’ என்கிறது. கண்ணில் பட்டதோ சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் துள்ளும் ஒரு புள்ளி. கடைக்காரரிடம் கேட்டதற்கு, லென்ஸுக்கு நிறத் திருத்த ஃபில்டர் ஒன்று தேவை, விலை நாலாயிரத்து ஐந்நூறு என்றாராம். வாங்கலாமா என்பது அவர் கேள்வி.

வாங்க வேண்டாம். நீங்கள் பார்த்த வண்ணத் துள்ளல் காற்றின் வேலை. அந்த நேரத்தில் சிரியஸ் தென்கிழக்கு அடிவானத்திலிருந்து, கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு முஷ்டி உயரத்தில்தான் இருந்திருக்கும். அவ்வளவு தாழ்விலிருந்து வரும் ஒளி, தலைக்கு நேர் மேலிருந்து வருவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. பகலெல்லாம் வெயில் குடித்த மாடித்தளமும் பக்கத்து வீட்டு ஏ.சி.யின் வெளிப்பெட்டியும் விடும் வெப்பம் அந்தக் காற்றை மேலும் கலக்கிவிடுகிறது. கலங்கிய காற்று ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு பக்கம் தள்ளுவதால், ஒரு கணம் சிவப்பும் மறுகணம் நீலமும் கண்ணுக்கு வந்து சேர்கின்றன.

இப்படித் துள்ளுவதற்குக் காரணமே அது வெள்ளையாக இருப்பதுதான். விண்மீன்களைச் சூட்டின்படி எழுத்திட்டு வகைப்படுத்துகிறார்கள்; ஏ வகை விண்மீன்களின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 7,500 முதல் 10,000 கெல்வின் வரை. சிரியஸில் அது பத்தாயிரத்தை ஒட்டி இருக்கிறது, நம் சூரியனில் 5,800 அளவே. அந்தச் சூட்டில் எல்லா நிறங்களும் தாராளமாக வெளிப்படுகின்றன. அவற்றின் கூட்டைத்தான் நாம் நீலம் கலந்த வெள்ளை என்கிறோம். அதே இரவில் சற்று வடக்கே திருவாதிரையைப் பார்த்திருந்தால் வேறுபாடு தெரிந்திருக்கும்: 3,500 கெல்வின் அளவே சூடுள்ள அந்தச் செவ்விண்மீனில் நீலம் மிகக் குறைவு; காற்று எவ்வளவு கலக்கினாலும் அது செம்மையாகவே மினுங்கும்.

லென்ஸின் குறை இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மலிவான லென்ஸில் பிரகாசமான விண்மீனைச் சுற்றி ஊதா விளிம்பு ஒன்று தெரியும். ஆனால் அது அசையாமல் நிற்கும், கணத்துக்குக் கணம் மாறாது. கடைக்காரர் விற்கும் ஃபில்டர் அந்த விளிம்பைச் சற்று மங்கவைக்கும், காற்றை ஒன்றும் செய்யாது. இவர்களுடைய இன்னொரு தூண்டில், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ‘675 மடங்கு’ என்ற உருப்பெருக்க எண். லென்ஸின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள்; உங்களுக்கு 120 வரும், அதற்கு மேல் பெருக்கினால் வெறும் மங்கல்தான். விண்மீனுக்கு உங்கள் பேத்தியின் பெயரைப் பதிந்து சான்றிதழ் தருவதாக யாராவது வந்தாலும் பணம் கொடுக்காதீர்கள். பெயர்களை அங்கீகரிக்கும் சர்வதேச வானியல் ஒன்றியம் எதையும் விற்பதில்லை.

பேத்தி ‘ஏ என்றால் முதல் இடம்தானே, அப்புறம் ஏன் மூன்றாவது?’ என்றும் கேட்டாளாம். அவள் வகுப்பில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. விண்மீன் வகைகளைச் சூடு குறையும் வரிசையில் ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று மனப்பாடம் செய்யவைத்து மதிப்பெண் போடும் முறையில் அதற்கு எங்கே இடம்? அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வகத்தில் முதலில், விண்மீனின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் கிடைக்கும் நிறமாலையில் ஹைட்ரஜன் பதிக்கும் கருங்கோடுகள், அதாவது வரிகள், எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்பதைக் கொண்டே எழுத்துகளைக் கொடுத்தார்கள். அந்த வரிகள் மிக அடர்த்தியாக இருந்த விண்மீன்கள் ஏ ஆயின. பின்னர் அங்கே பணியாற்றிய வானியலாளர் ஆனி ஜம்ப் கேனன் வெப்பநிலைப்படி வரிசையை மாற்றியபோது ஏ மூன்றாவதாக வந்தது. அந்த விண்மீன்களில் ஹைட்ரஜன் கூடுதலாக இருக்கிறது என்று பொருளல்ல, அந்தச் சூட்டில்தான் அது தன் வரிகளை நன்றாகப் பதிக்கிறது.

இந்த வகையில் பெரும்பாலானவை சூரியனைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நிறை கொண்டவை. வேகமாக எரிவதால் ஆயுள் சூரியனைவிட மிகக் குறைவு. சுழற்சியும் கடுமையானது. நாம் திருவோணம் என்று சொல்லும் ஆல்டேர், சூரியனுக்குச் சுமார் இருபத்தைந்து நாள் பிடிக்கும் ஒரு சுற்றைப் பத்து மணி நேரத்துக்குள் முடித்துவிடுவதால், இடுப்புப் பகுதி புடைத்துத் தட்டையாகிவிட்டது.

இதில் சிரியஸ் ஒரு விலக்கு. புத்தகங்கள் சொல்லாமல் விடுவதால் இதைச் சற்று விரித்தே எழுதுகிறேன். அது மெதுவாகச் சுழல்கிறது. ஆகவே அதன் மேலடுக்கு அதிகம் கலங்குவதில்லை. அசையாமல் வைத்த கஞ்சியில் பருக்கை அடியிலும் தெளிவு மேலுமாகப் பிரிவதுபோல அங்கே தனிமங்கள் பிரிகின்றன. கஞ்சியில் எடை மட்டுமே தீர்மானிக்கிறது. அங்கே உள்ளிருந்து வரும் ஒளியும் தள்ளுகிறது. ஒளியை நன்றாக விழுங்கும் இரும்பு மேலே ஏறுகிறது, கால்சியம் போன்றவை அமிழ்கின்றன. அதனால் சிரியஸின் மேற்பரப்பில் இரும்பின் விகிதம் சூரியனில் உள்ளதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. இது மேல்தோலின் கதைதான். உள்ளே அப்படி இல்லை. நிறமாலைக் கருவியில் மட்டுமே தெரியும் இந்த விசித்திரத்தைக் காட்டி, ‘உலோக விண்மீன், அதனால்தான் நிறம் மாறுகிறது’ என்று யாராவது விளக்கினால் நம்பாதீர்கள். அந்த இரும்புக்கும் மாடியில் பார்த்த துள்ளலுக்கும் தொடர்பே இல்லை.

மார்ச் முதல் வாரம் வரை பொறுங்கள். இரவு எட்டு மணிக்குச் சிரியஸ் சென்னையில் நேர் தெற்கே, சுமார் அறுபது பாகை உயரத்தில் நிற்கும். தொலைநோக்கியை ஏழரைக்கே மாடியில் வைத்து ஆறவிடுங்கள், ஏ.சி. பெட்டி இருக்கும் பக்கத்தைத் தவிருங்கள், இருப்பதில் மிகக் குறைந்த உருப்பெருக்கம் தரும் கண்ணருகு லென்ஸைப் போடுங்கள். துள்ளல் பெரிதும் அடங்கி வெண்புள்ளியாகத் தெரிந்தால் கருவி சரியாக இருக்கிறது. அப்போதும் நடுவில் கூர்மையே வராமல் ஒரு பக்கம் வால்போல நீண்டால், பில்லுடன் கடைக்குப் போய் மாற்றித் தரக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள்.