வ.உ.சி. என்றால் எந்த இடம்?

'வ.உ.சி.' என்று மட்டும் குறிப்பிட்டால் அது துறைமுகமா, கல்லூரியா, பூங்காவா என்று கேட்டிருந்தீர்கள். ஊரைச் சேர்த்துச் சொல்லாமல் இதைத் தெளிவாக்க இயலாது. தூத்துக்குடித் துறைமுகம் 2011-இல் வ.உ.சிதம்பரனார் துறைமுகமாயிற்று. ஆங்கிலேயர் கப்பல் நிறுவனத்துக்குப் போட்டியாக 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர் என்பதால், இவற்றுள் மிகப் பொருத்தமான பெயர் இதுவே என்பேன். அதே நகரில் 1951-இல் தொடங்கிய வ.உ.சி. கல்லூரியும் உள்ளது. கோயம்புத்தூரில் பூங்காவுக்கு அவர் பெயர். அந்நகரச் சிறையில்தான் அவர் செக்கிழுத்தார். திருநெல்வேலியிலிருந்து 1986-இல் பிரிந்த சிதம்பரனார் மாவட்டம், மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயரிடும் வழக்கம் 1997-இல் கைவிடப்பட்டபோது தூத்துக்குடி மாவட்டமாயிற்று. ஆகவே, பழைய ஆவணங்களில் 'சிதம்பரனார் மாவட்டம்' என்றிருந்தால் அதைச் சிதம்பரம் ஊரோடு தொடர்புபடுத்தக் கூடாது.