இண்ட் ஏஎஸ்-க்கு மாறும் கம்பெனிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் நூற்பாலை பட்டியலிடப்படாத கம்பெனி. 2026 மார்ச் 31-ல் நிகர மதிப்பு முதல் முறையாக 250 கோடியைத் தாண்டியிருக்கிறது. இண்ட் ஏஎஸ் (இந்தியக் கணக்கியல் தரநிலைகள்) முறைக்கு மாறும் வேலையை எப்போது தொடங்கலாம்?

'எப்போது தொடங்கியிருக்க வேண்டும்' என்று கேளுங்கள்! 2015-ஆம் ஆண்டு விதிகளின்படி, நிகர மதிப்பு 250 கோடி வரம்பைத் தாண்டிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டே இண்ட் ஏஎஸ் கட்டாயம். உங்களுக்கு அது 2026-27. ஆனால் அந்த ஆண்டறிக்கையில் 2025-26 எண்களையும் புதிய முறையில்தான் காட்ட வேண்டும். ஆகவே முதல் முறை மாறுவோருக்கான தரநிலையான இண்ட் ஏஎஸ் 101 சொல்லும் மாறுதல் தேதி 2025 ஏப்ரல் 1. அந்த நாளுக்கு ஒரு தொடக்க இருப்புநிலைக் குறிப்பு தேவை. வரம்பைத் தாண்டியது தெரியவரும்போது மாறுதல் தேதி போய் ஒரு வருடம் ஆகியிருக்கும். எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. 200 கோடியைத் தொட்டவுடனேயே தயாராவது நல்லது.

முதலில், 2025 ஏப்ரல் 1 நிலவரப்படி வரவேண்டிய பாக்கிகளின் வயதுப் பட்டியல், வாடகை ஒப்பந்தங்கள், கடன் ஒப்பந்தங்கள் ஆகியவற்றை எடுத்துத் தனியாகப் பூட்டி வையுங்கள். பழைய தேதியிட்டு எழுதும் ஒரு ஜர்னல் என்ட்ரி போதும், அந்தப் பட்டியல் மாறிவிடும்.

அதற்கும் முன்னால், நீங்கள் உண்மையிலேயே 250 கோடியைத் தாண்டினீர்களா என்று பாருங்கள். தனிக் கம்பெனிக் கணக்கைத்தான் எடுக்க வேண்டும். குழுமக் கணக்கை அல்ல. மறுமதிப்பீட்டு ரிசர்வ் இதில் சேராது. மில் நிலத்தின் மதிப்பை ஏற்றி எழுதியதால் மட்டும் 250 கோடி வந்திருந்தால், வரம்பைத் தாண்டவே இல்லை.

கேள்வி: அடுத்த வருடம் நஷ்டம் வந்து 250 கோடிக்குக் கீழே போனால் பழைய முறைக்குத் திரும்பலாமா?

முடியாது. இது ஒருவழிப் பாதை.

கேள்வி: 1994-ல் வாங்கிய இயந்திரங்களின் பில்கூட இல்லை. அவற்றின் மதிப்பை எப்படி நிர்ணயிப்பது? நிலத்தை மட்டும் சந்தை விலைக்கு ஏற்றலாமா?

பழைய கணக்கிலுள்ள புத்தக மதிப்பையே அடக்கவிலையாகக் கருதிக்கொள்ள இந்திய விதியில் ஒரு சலுகை உண்டு. பில் தேட வேண்டியதில்லை. ஆனால் எடுத்தால் ஆலைச் சொத்துகள் அனைத்துக்கும் சேர்த்தே எடுக்க வேண்டும். நிலத்தைச் சந்தை விலைக்கு ஏற்றினால் இந்தச் சலுகை போய்விடும். மற்ற ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சந்தை மதிப்பு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்கிய நாளிலிருந்து தேய்மானத்தைத் திரும்பப் போட்டு வர வேண்டும். பில் இல்லாத இடத்தில் இரண்டாவது வழி நடக்காது.

நிலத்தை ஏற்றினால் ரிசர்வ் பெருகும் என்பது பல உரிமையாளர்களின் ஆசை. அந்த லாபம் கைக்கு வராத லாபம் என்பதால், அதிலிருந்து டிவிடெண்ட் கொடுக்கக் கம்பெனிச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு இடம் தராது. எங்கள் வோட்டு சலுகைக்கே.

கேள்வி: கிடங்கு வாடகை வருடத்துக்கு 12 லட்சம், இன்னும் 3 ஆண்டு பாக்கி. கணக்கில் என்ன மாறும்?

வாடகைச் செலவு என்ற வரியே மறைந்துவிடும். வருடக் கடைசியில் வாடகை, வட்டி 10% என்று வைத்தால் மூன்று தவணையின் இன்றைய மதிப்பு 29,84,222 ரூபாய். அதே தொகை ஒரு பக்கம் கடன், மறுபக்கம் பயன்பாட்டு உரிமைச் சொத்து, அதாவது கிடங்கைப் பயன்படுத்தும் உரிமையின் மதிப்பு. முதல் ஆண்டில் வட்டி 2,98,422, தேய்மானம் 9,94,741, கூட்டினால் 12,93,163. வாடகையைவிட 93 ஆயிரம் அதிகம். கடைசி ஆண்டில் 11.04 லட்சம்தான் வரும். மொத்தம் அதே 36 லட்சம்; முதல் ஆண்டுகளில் பாரம் கூடுகிறது, அவ்வளவுதான்.

மாறுதல் தேதியில், மீதமுள்ள வாடகைக்கு அன்றைய வட்டி வீதத்தைப் போட்டு, சொத்தையும் கடனையும் சமமாக எழுத அனுமதி உண்டு. 12 மாதத்துக்கு மிகாத குத்தகைக்கு இதிலிருந்து விலக்கு. ஆனால் 11 மாத ஒப்பந்தம்தானே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். புதுப்பிக்கும் உரிமை உங்களிடம் இருந்து, கிடங்கைக் காலி செய்யப்போவதில்லை என்பதும் ஏறக்குறைய உறுதியானால், புதுப்பிக்கும் காலமும் கணக்கில் சேரும்.

கிடங்கு உரிமையாளரிடம் கொடுத்த வட்டியில்லா டெபாசிட்டையும் மறக்காதீர்கள். இன்று 10 லட்சம் கொடுத்து 5 ஆண்டு கழித்துத் திரும்ப வரும் என்றால், 9% வீதத்தில் டெபாசிட்டின் மதிப்பு 6,49,931 மட்டுமே. மீதி 3,50,069 குத்தகைச் சொத்தில் சேரும்.

கேள்வி: குடும்பத்தார் கையிலுள்ள முன்னுரிமைப் பங்குகள், 8% கட்டாய டிவிடெண்டோடு 2031-ல் திருப்பித் தர வேண்டியவை. இது மூலதனம்தானே?

இனி கடன். கொடுக்கும் டிவிடெண்டும் வட்டிச் செலவாகிவிடும். வங்கி ஒப்பந்தத்தில் கடன்-மூலதன விகிதத்துக்கு வரம்பு இருந்தால், ஒரு ரூபாய்கூடப் புதிதாக வாங்காமலே அதை மீறியவர் ஆகலாம். அறிக்கை வெளிவரும் முன்பே வங்கியிடம் பேசி, விகிதத்தைப் பழைய முறையில் கணக்கிட ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2025 டிசம்பரில் ஒரு வாடிக்கையாளர் திவாலானார். அந்த நஷ்டத்தைத் தொடக்கக் குறிப்பிலேயே தள்ளிவிடலாமா?

கூடாது. ஏப்ரல் 1 அன்று தெரிந்ததை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். பின்னால் தெரிந்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்க விதி இடம் தராது. இந்த நஷ்டம் 2025-26 லாப நட்டக் கணக்கில்தான் வரும். ஆடிட்டர்கள் முதலில் கை வைக்கும் இடமும் இதுதான்.

ஆனால் அன்றைய பாக்கி எல்லாவற்றுக்கும் எதிர்பார்க்கும் நஷ்டத்துக்கு ஒதுக்கீடு உண்டு, கெடு வராதவை உட்பட. உதாரணமாக, கெடு வராத 10 கோடிக்கு 0.3%, 90 நாள் வரை தாண்டிய 2 கோடிக்கு 2%, 180 நாள் தாண்டிய 50 லட்சத்துக்கு 20% என்றால் 3 + 4 + 10 = 17 லட்சம். இந்த வீதங்களை உங்கள் சொந்த வசூல் வரலாற்றிலிருந்து எடுத்து, வரப்போகும் நிலவரத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும். அடுத்த கம்பெனியின் அறிக்கையிலிருந்து நகலெடுத்தால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். இந்த 17 லட்சம் லாப நட்டக் கணக்குக்குப் போகாது. டிஃபர்டு டாக்ஸ் (இதனால் பின்னால் குறையும் வரி) கழித்து நேராக ரிசர்வில் குறையும்.