அடங்கிப் போனால் ஆபத்தில்லையா?

கேள்வி: அமெரிக்காவில் போலீஸ் சுட்டுச் சாகிறவர்களில் வெள்ளையர்தான் அதிகம் என்று படித்தேன். பிறகு ஏன் இதை இனப் பிரச்சினை ஆக்குகிறார்கள்? சொன்னபடி அடங்கி நின்றால் போலீஸ் ஏன் அடிக்கப் போகிறது? அனுமதி வாங்கி அமைதியாகப் போராடாமல் கடைகளை உடைப்பதற்குப் பேர் உரிமையா?

பதில்: எண்ணிக்கை சரிதான். ஆனால் வகுத்துப் பார்க்க மறந்துவிட்டீர்கள். அந்த நாட்டு மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 13, 14 சதவீதம். அந்த விகிதத்தில் பார்த்தால், போலீஸ் குண்டுக்குச் சாவது வெள்ளையரைவிட அவர்களில் இரண்டு மடங்குக்கும் மேல். 2015 முதல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் சாவுகளை ஒவ்வொன்றாக எண்ணித் திரட்டிய கணக்கு இது. அரசாங்கத்திடம் முழுக் கணக்கு இல்லாததால் பத்திரிகைக்காரர்கள் எண்ண வேண்டியதாயிற்று!

அடங்கி நிற்பதற்கு வருவோம். 1984 நவம்பர், வட கரோலினாவின் சார்லட் நகரம். கிரஹாம் என்ற கறுப்பினத்தவர் சர்க்கரை நோயாளி. சர்க்கரை இறங்குவதை உணர்ந்து ஆரஞ்சு ஜூஸ் வாங்கக் கடைக்குள் போனார். வரிசை நீளமாக இருந்ததால் அவசரமாக வெளியே வந்தார். அந்த அவசரம் ஒரு போலீஸ்காரருக்குச் சந்தேகம். காரை மறித்தார்கள், விலங்கு மாட்டினார்கள். நண்பர் கொண்டுவந்த ஜூஸைக்கூடக் குடிக்க விடவில்லை. கடையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று தெரிந்து வீட்டில் கொண்டுபோய் விட்டபோது கிரஹாமின் பாதம் உடைந்திருந்தது.

அவர் போட்ட வழக்கில்தான் 1989-ல் உச்ச நீதிமன்றம் இன்றுவரை நடப்பில் உள்ள அளவுகோலை வகுத்தது. குற்றம் எவ்வளவு பெரிது, உடனடி ஆபத்து உண்டா, ஆள் எதிர்த்தாரா, தப்பப் பார்த்தாரா என்று பார்க்க வேண்டும். அதையும் அந்த இடத்தில் நிற்கும் நியாயமான போலீஸ்காரர் ஒருவரின் கண்ணால் பார்க்க வேண்டும். பின்னால் தெரியவந்ததை வைத்து எடை போடக் கூடாது. சர்க்கரை இறங்கித் தள்ளாடுகிறவர் அந்தக் கண்ணுக்குக் குடிகாரராகத் தெரிந்தால் என்ன செய்வது?

2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கைகளில் விலங்கு மாட்டியாகிவிட்டது. குப்புறக் கிடந்தவர் கழுத்தில் 9 நிமிடம் 29 விநாடி ஒரு போலீஸ்காரரின் முழங்கால். விலங்கு மாட்டியதும் ஆளை ஒருக்களித்துப் படுக்க வைப்பது போலீஸ் பயிற்சியின் பாலபாடம். குப்புறக் கிடந்து மேலே பாரமும் ஏறினால் நெஞ்சு விரிய இடமிருக்காது. "பேசுகிறானே, மூச்சு வருகிறது" என்பது கொல்லும் அறியாமை. நாலு வார்த்தை முனகக் கொஞ்சம் காற்று போதும், உயிர் தங்க அது போதாது. உடனிருந்த இளைய போலீஸ்காரர் ஒருவர் "ஒருக்களித்துப் போடலாமா" என்று கேட்டார். முழங்காலை வைத்திருந்த மூத்தவர் மறுத்துவிட்டார். போலீஸ் வெளியிட்ட முதல் அறிக்கை, மருத்துவப் பிரச்சினையால் ஒருவர் இறந்ததாகச் சொன்னது. முழங்காலைப் பற்றி ஒரு சொல் இல்லை. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி செல்போனில் எடுத்த வீடியோ இல்லாவிட்டால் அந்த அறிக்கையே வரலாறாகியிருக்கும்.

நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால் குறுக்கே நிற்பது 'குவாலிஃபைட் இம்யூனிட்டி' என்ற அதிகாரிகளுக்கான சட்டப் பாதுகாப்பு. அதே மாதிரிச் செயல் தவறென்று முன்பே தெளிவாகத் தீர்ப்பாகியிருந்தால்தான் அதிகாரி பொறுப்பு. டென்னசியில் கைகளைத் தூக்கி உட்கார்ந்திருந்தவர் மீது போலீஸ் நாயை ஏவிவிட்டார்கள். சரணடைந்து படுத்திருந்தவர் மீது நாயை ஏவியது தவறென்று பழைய தீர்ப்பு இருந்தது. படுத்திருந்தவர் வேறு, உட்கார்ந்திருந்தவர் வேறு என்று 2018-ல் வழக்கைத் தள்ளிவிட்டது மேல்முறையீட்டு நீதிமன்றம். இந்தப் பாதுகாப்பு பிறந்த கதை இன்னும் விசேஷம். 1961-ல் மிசிசிப்பியின் ஜாக்சன் பஸ் நிலையத்தில், "வெள்ளையர் மட்டும், போலீஸ் உத்தரவு" என்று பலகை மாட்டிய காத்திருப்பு அறைக்குள் அமைதியாக நுழைந்த 15 பாதிரியார்களைக் கைது செய்தார்கள். அந்த வழக்கில்தான் 1967-ல் உச்ச நீதிமன்றத்தில் இந்தப் பாதுகாப்பு பிறந்தது!

கடை உடைத்தவனைப் பிடித்து உள்ளே போடுங்கள், யார் வேண்டாமென்றது? அவன் உடைத்ததற்குப் பக்கத்தில் கோஷம் போட்டவரைப் பொறுப்பாக்க முடியாது என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவும் மிசிசிப்பியில் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்த கறுப்பினத்தவர் வழக்குதான்.

அனுமதியா? 1963-ல் அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஊர்வல அனுமதி கேட்கப் போனவரிடம், போலீஸுக்குப் பொறுப்பான நகரப் பொதுப் பாதுகாப்பு கமிஷனர் புல் கானர், அனுமதி கிடைக்காது, உங்களை ஜெயிலுக்குத்தான் ஊர்வலமாக அனுப்புவேன் என்றார். புனித வெள்ளியன்று 52 பேர் நடைபாதையில் ஒழுங்காக நடந்தார்கள். முன்னால் போன ஷட்டில்ஸ்வொர்த் பாதிரியாருக்குக் கடுங்காவல் 90 நாள், அபராதம் கட்டாவிட்டால் இன்னும் 48 நாள். அந்தத் தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 1969-ல்.