சிறு விசைப்படகு ஓட்டுவோருக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் படகில் எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறது. சிறுவர்களை அரை ஆளாகக் கணக்கிட்டுப் பத்துப் பேரை ஏற்றலாமா?

பதில்: கூடாது. படகைக் கவிழ்ப்பது மொத்த எடை மட்டுமன்று; அந்த எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதும்தான். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ஜலகன்யகா என்னும் ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டபோது அது சாய்ந்தது. சாய்வு தொடங்கியதும் மற்றவர்களும் அந்தப் பக்கமே சரிவதால், பிறகு யாராலும் அதை நிமிர்த்த முடிவதில்லை. சிறுவர்களோ ஓரிடத்தில் அமர்வதே இல்லை. எழுந்து நிற்கக் கூடாது என்பதைக் கரையிலேயே, படகு கிளம்பும் முன்பே, அனைவரிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: லைஃப் ஜாக்கெட்டுகளை இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறோம். போதாதா?

பதில்: போதாது. படகு கவிழும் நேரத்தில் அவற்றைத் தேடி எடுத்து வார்களை மாட்ட அவகாசம் இராது. அணிவித்த பின் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது அவருக்குப் பெரியது. சிறு குழந்தைக்குக் கால்களுக்கிடையே மாட்டும் வார் உள்ளதையே வாங்குங்கள். நீச்சல் தெரிந்தவருக்கும் இதில் விலக்கு இல்லை. தலையில் அடிபட்டு விழுபவர் நீந்த மாட்டார்.

கேள்வி: படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டாருடன் ஒரு சிவப்புச் சுருள் கயிறு வந்தது. அது எதற்கு?

பதில்: ஓட்டுபவர் தவறி விழுந்தால் என்ஜினை நிறுத்துவதற்கு. ஒரு முனையை என்ஜினை நிறுத்தும் சுவிட்சிலும் மறுமுனையை உங்கள் ஜாக்கெட்டிலும் மாட்டுங்கள். ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர்மீதே சுழலும் விசிறியுடன் திரும்பி வரக்கூடும். இவ்வளவு மலிவான காப்பைப் பலர் பயன்படுத்தாமல் விடுவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. நீரில் இருப்பவரை ஏற்றும்போதும் என்ஜின் நின்றிருக்க வேண்டும்.

கேள்வி: எதிரே படகு வந்தால் யார் விலகுவது?

பதில்: இரண்டும் விசைப்படகுகளாய் நேருக்கு நேர் வந்தால், இருவரும் வலப்புறம் திரும்ப வேண்டும். குறுக்கே கடக்கும்போது, மற்றதை வலப்பக்கம் காண்பவரே வழிவிட வேண்டும். வலை இழுக்கும் படகுக்கு எப்போதும் நீங்களே ஒதுங்குங்கள்.

கேள்வி: கடலில் என்ஜின் நின்றுவிட்டால்?

பதில்: முதலில் நங்கூரம் போடுங்கள், காற்று உங்களைப் பாறைக்கோ ஆழ்கடலுக்கோ தள்ளாது. பிறகு இந்தியக் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணில் அழையுங்கள். செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் சொல்லியிருந்தால், கைப்பேசி எட்டாத இடத்திலும் தேடல் தொடங்கும்.