நாலு பேர், நாலு பங்கு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் லாஸ்பேட்டை வாசகி ஒருவர் "உங்களுக்குப் பிடித்த வெளிநாட்டு இசைக்குழு எது?" என்று கேட்டிருந்தார். "ஆர்.இ.எம்." என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிட்டுத் தப்பித்துவிட்டதாக நினைத்தேன். விடவில்லை நீங்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஆகவே இந்த இதழில் சினிமா, அரசியல், தலைமுடி உதிர்வு எல்லாவற்றுக்கும் லீவு.

கே: யார் சார் இந்த ஆர்.இ.எம்.? கேள்விப்பட்டதே இல்லையே! (வில்லியனூர்)

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம், ஏதென்ஸ் என்ற ஊர். கிரேக்க நாட்டு ஏதென்ஸ் இல்லை, பல்கலைக்கழகத்தை நம்பி வாழும் ஒரு நடுத்தர ஊர். அங்கே ஒரு இசைத்தட்டுக் கடையில் பீட்டர் பக் என்பவர் வேலை பார்த்தார். நல்ல தட்டு வந்தால் தனக்கென்று எடுத்து ஒதுக்கி வைப்பார். ஒரு ஓவியக்கலை மாணவன் வந்து சரியாக அந்தத் தட்டுகளையே கேட்டு வாங்கிக்கொண்டு போவான். அவர்தான் மைக்கேல் ஸ்டைப். பழக்கமாகிவிட்டது. அப்புறம் மேக்கன் என்ற ஊரில் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாக வாசித்துக்கொண்டிருந்த மைக் மில்ஸ், பில் பெர்ரி இருவரும் வந்து சேர்ந்தார்கள். ஸ்டைப் பாட்டு, பக் கிட்டார், மில்ஸ் பேஸ் கிட்டார், பெர்ரி டிரம்ஸ். 1980 ஏப்ரல் 5 அன்று, வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தில், தோழியின் பிறந்தநாளுக்கு முதல் கச்சேரி. பெயரை அகராதியைப் புரட்டி எடுத்தார்கள். கனவு காணும்போது மூடிய இமைக்குள் கண் உருளுமே, அதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரின் சுருக்கம். 31 வருடம் வாசித்தார்கள், 15 ஆல்பம் போட்டார்கள், 2011-ல் முடித்துக்கொண்டார்கள்.

கே: 'ஆல்டர்னேட்டிவ் ராக்' என்கிறார்களே, எதற்கு ஆல்டர்னேட்டிவ்? (நெல்லிக்குப்பம்)

ரேடியோவுக்கு மாற்று. பெரிய வானொலி நிலையங்கள் 80-களில் ஒரே மாதிரிப் பாட்டுகளைத்தான் போட்டுக்கொண்டிருந்தன. பல்கலைக்கழகங்களில் மாணவர்களே நடத்தும் சின்ன நிலையங்கள் மட்டும் கைக்கு வந்ததையெல்லாம் போடும். ஆர்.இ.எம். மாதிரிக் குழுக்கள் அங்கேதான் வளர்ந்தன. ஒரு வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், சின்னச் சின்ன கிளப்புகளில் வாசிப்பது, அதே வேனில் தூங்குவது என்று வருடக்கணக்கில் ஓட்டினார்கள்.

முதல் முழு ஆல்பம் 'மர்மர்', 1983. பெயருக்கு ஏற்ற மாதிரியே ஸ்டைப் முணுமுணுப்பார், ஒரு வரி முழுதாக விளங்காது, குரலையும் கிட்டாருக்குக் கீழே அமுக்கி வைத்திருப்பார்கள். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. சின்ன வயதில் தேவனாம்பட்டினத்தில் மாசி மகத்துக்குத் தென்னை மரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கரில், கடல் காற்றில் பாதி வார்த்தை பறந்துபோய் மீதி காதில் விழும் பாட்டுகளை இப்படித்தானே கேட்டேன்? மெட்டு மனப்பாடம், வார்த்தை சுத்தமாகத் தெரியாது. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை அந்த வருடத்தின் சிறந்த ஆல்பமாக 'மர்மர்'-ஐத்தான் சொன்னது. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த நேரம் அது.

கே: 'லூசிங் மை ரிலிஜன்' என்று இவர்களுடைய பாட்டு ஒன்று இருப்பதாகப் பேரன் சொல்கிறான். மதத்தை இழக்கிறேன் என்று ஒரு பாட்டு! இதையா சிபாரிசு செய்கிறீர்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், முதலியார்பேட்டை)

ஐயா, கோபப்படாதீர்கள். இந்தச் சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவின் தென்பகுதியில் அது ஒரு வழக்குச் சொல். பொறுமை எல்லாம் போய், வாயில் வரக்கூடாதது வந்துவிடும் என்கிற நிலையில் சொல்வார்கள். நாம் "என்னை மனுசனா இருக்க விடமாட்ட போல" என்கிறோமே, கிட்டத்தட்ட அது. பாட்டில் கடவுளும் இல்லை, சண்டையும் இல்லை. ஒருவர் மேல் ஆசைப்பட்டு, அதை அதிகமாகச் சொல்லிவிட்டோமா, போதாமல் சொன்னோமா என்று தவிக்கிற ஒருதலைக் காதல். இந்த விஷயத்தில் நம் சினிமாப் பாட்டுகளை விடச் சைவம்.

1991-ல் வந்தது. பீட்டர் பக் புதிதாக ஒரு மாண்டலின் வாங்கி, டிவி பார்த்துக்கொண்டே வாசித்துப் பழகிக்கொண்டிருந்தபோது விழுந்த மெட்டு. (நம் ஊரில் மாண்டலின் என்றால் உ. ஸ்ரீநிவாஸ், அதில் அப்பீலே கிடையாது. இவர் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த ஆள், ஆனாலும் கேட்டுப் பாருங்கள்.) ராக் பாட்டுக்கு மாண்டலினா, திரும்பத் திரும்ப வரும் பல்லவியும் காணோமே என்று இசைத்தட்டுக் கம்பெனி தயங்கியது. குழு பிடிவாதமாக அதையே முதலில் விட்டது. அமெரிக்கப் பட்டியலில் நாலாவது இடம் வரை போய், அவர்களை உலகத்துக்கே தெரியவைத்தது அந்தப் பாட்டுதான்.

இன்னொரு சேதி சொன்னால் பேரனிடம் நீங்களே பெருமையடிக்கலாம். அந்த வீடியோவை இயக்கியவர் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங். நம் நாட்டுப் படங்களில் உள்ள மாதிரி மிகையாக, கனவு மாதிரி இருக்கவேண்டும் என்று நினைத்து எடுத்தார். எம்டிவி அந்த வருடம் ஆறு விருது கொடுத்தது. மஞ்சக்குப்பத்தில் எதிர் வீட்டு மாடியில் புதிதாகக் கேபிள் இழுத்திருந்தார்கள், அங்கேதான் முதல்முறை பார்த்தேன். இறக்கை வைத்த கிழவர் ஒருவர் வருவார், ஸ்டைப் கையை வீசி வீசி ஒரு மாதிரி ஆடுவார். அந்த வீட்டுப் பாட்டி "பாவம், அந்தப் புள்ளைக்குச் சாமி வந்துருக்கு" என்றார். எனக்கு இன்று வரை அதுதான் சரியான விமர்சனம்.

கே: நாங்கள் நாலு பேர், காலாப்பட்டில் படிக்கிறோம். சின்ன பேண்ட் வைத்திருக்கிறோம். ஜூன் 21 இசை விழாவுக்கு வாசித்தோம், அப்புறம் பாண்டிச்சேரி ரெஸ்டாரண்டுகளில் வாரக்கடைசியில் கூப்பிடுகிறார்கள். காசு வர ஆரம்பித்ததும் சண்டையும் வந்துவிட்டது. பாட்டு எழுதுவது நான், எனக்குக் கூடப் பங்கு வேண்டும் என்கிறேன். நீங்கள் சொல்லும் குழு எப்படி 31 வருடம் தாக்குப்பிடித்தது? (மாணவர், காலாப்பட்டு)

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதலில் என் கதை.

88-லிருந்து நாலு வருடம் கடலூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தேன். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், ஆடி மாதம் கூழ் ஊற்றும் தெருக்கள். கீபோர்டும் ஸ்பீக்கரும் குழுத் தலைவருடையவை, ஆகவே வருவதில் பாதி அவருக்கு. மீதியில் பாடகருக்கு ஒரு ரேட், பாடகிக்கு ஒரு ரேட், எங்களுக்கெல்லாம் ஒரு ரேட், கடைசியில் தபேலாக்காரருக்கு டிபன் காசு மாதிரி ஏதோ. இதுகூடப் பரவாயில்லை, ஆரம்பத்திலேயே பேசியது. குழு உடைந்தது அன்பளிப்பில். கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு வருமே, 'இந்தப் பாட்டைப் பாடவும், அன்பளிப்பு ரூ.50' என்று, அந்தப் பணம் பாடினவருக்கா, குழுவுக்கா? பண்ருட்டிப் பக்கம் ஒரு திருவிழா முடிந்து ராத்திரி இரண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் இதற்கு விடை தேட ஆரம்பித்து, முதல் பஸ் வருவதற்குள் இரண்டு குழுவாகி, தனித்தனி பஸ்ஸில் கடலூர் வந்து சேர்ந்தோம். மொத்த அன்பளிப்பு அன்றைக்கு நூற்றைம்பது ரூபாய்.

இப்போது ஆர்.இ.எம். ஆரம்பத்திலேயே அவர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள்: யார் எந்தப் பாட்டை எழுதினாலும் நாலு பேர் பெயரும் போடுவது. அதுவும் அகரவரிசையில்: பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப். பாடுகிறவர், உலகமே முகம் பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஆள், அவர் பெயர் கடைசி. பாட்டு எழுதினதற்கு வரும் ராயல்டி நாலு சம பங்கு. 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' என்று 1992-ல் ஒரு பாட்டு, மனசு உடைந்த நிலையில் இருப்பவர்களுக்கு ஆறுதலாக உலகம் முழுக்க ஒலித்தது, அதில் பெரும்பகுதி டிரம்மர் பெர்ரியின் கைவண்ணம். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பாட்டில் தாளம் போடுவது டிரம் மெஷின். எங்கள் தபேலாக்காரர் ஒரு பாட்டு எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். முதலில் அவர் எழுதியிருக்கவே மாட்டார், எழுதி என்ன லாபம்?

மற்ற குழுக்களில் நடப்பதைப் பார்த்தால் இது ஏன் என்று புரியும். கச்சேரிக் காசு எல்லாருக்கும் வரும், ஆனால் பாட்டு எழுதினவருக்கு அந்தப் பாட்டு ஓடும் காலம் வரை தனியாக வந்துகொண்டே இருக்கும். பத்து வருடத்தில் ஒருவர் பங்களா வாங்குவார், பக்கத்தில் நின்று அதே பாட்டை வாசித்தவர் வாடகை வீட்டில் இருப்பார். அதோடு, ஆல்பத்தில் யார் பாட்டு எத்தனை என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்கள், சுமாரான பாட்டும் உள்ளே வந்துவிடும். பங்கு சமம் என்றால் யாருடைய பாட்டு என்ற கேள்வியே இல்லை, எது நல்ல பாட்டு என்று மட்டும் பேசலாம்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார்கள். நாலில் ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மூணுக்கு ஒன்று என்று ஓட்டு எண்ணுவது கிடையாது. கேட்கும்போது, இப்படி இருந்தால் ஒரு வேலையும் நடக்காதே என்று தோன்றும். நடந்தது.

ஆகவே உங்களுக்கு என் பதில்: கூடுதல் பங்கு கேட்காதீர்கள். எழுதுவது நீங்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கேட்காதீர்கள்.

கே: 31 வருடம் என்ன பெரிய சாதனை? ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 1962-லிருந்து வாசிக்கிறார்களே? (பாகூர்)

வாசிக்கிறார்கள். அதையும் கேளுங்கள்.

கே: இணையத்தில் தேடினேன். 1997-லேயே டிரம்மர் விலகிவிட்டாராமே. அப்போதே மரியாதையாக நிறுத்தியிருக்கலாம் அல்லவா? (கடலூர் ஓ.டி.)

இதைப் பற்றி நான் நண்பர்களோடு டீக்கடையில் மணிக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறேன், இரண்டு கட்சியிலும் இருந்திருக்கிறேன்.

நடந்தது இது. 1991, 92 இரண்டிலும் பெரிய ஆல்பங்கள் வந்தும் அவர்கள் ஊர் சுற்றவில்லை. 1995-ல்தான், ஆறு வருட இடைவெளிக்குப் பிறகு, உலகச் சுற்றுப்பயணம் கிளம்பினார்கள். மார்ச் 1 அன்று ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பெர்ரிக்கு மூளையில் ரத்தக்குழாய்ப் பிரச்சினை. ஆபரேஷன் செய்து பிழைத்து, சில வாரங்களில் திரும்பவும் டிரம்ஸில் உட்கார்ந்தார். அதே பயணத்தில் மில்ஸுக்கு வயிற்றில் ஆபரேஷன், ஸ்டைப்புக்கு குடலிறக்க ஆபரேஷன். பக் மட்டும் தப்பித்தார். இத்தனைக்கும் நடுவில், போகிற வழியிலேயே அடுத்த ஆல்பத்துக்கான பாட்டுகளைப் பதிவு செய்தார்கள், 'நியூ அட்வென்ச்சர்ஸ் இன் ஹை-ஃபை'. என்னைக் கேட்டால் அவர்களுடைய ஆகச் சிறந்தது அதுதான், அடிக்க வருபவர்கள் வரலாம்.

1996-ல் வார்னர் கம்பெனியோடு புது ஒப்பந்தம். எட்டுக் கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த வருடமே பெர்ரி, "எனக்குப் போதும்" என்றார். ஆனால் ஒரு நிபந்தனை: நான் போவதால் குழு கலையும் என்றால் போகமாட்டேன். அதனால் தான் மற்ற மூவரும் தொடர்ந்தார்கள். மூன்று கால் நாயும் நாய்தான், வேறு மாதிரி ஓடக் கற்றுக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான் என்று ஸ்டைப் சொன்னார். பெர்ரி ஜார்ஜியாவில் பண்ணை வைத்து மாட்டுத் தீவனப் புல் பயிரிடப் போய்விட்டார். நம் ஆட்கள் ரிட்டயர் ஆனதும் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வாங்குவது போல.

சரி, நாய் ஓடியதா? நொண்டியது. 1998-ல் வந்த 'அப்' எனக்குப் பிடிக்கும், இரவில் தனியாகக் கேட்கவேண்டியது. 2004-ல் வந்த 'அரவுண்ட் த சன்'-ஐ யார் காப்பாற்ற முடியும்? வாசித்தவர்களுக்கே சலித்துப்போன ஆல்பம், கேட்கும்படி இல்லை என்று பிற்பாடு பீட்டர் பக்கே சொல்லிவிட்டார். 2008-ல் 'ஆக்ஸிலரேட்', பழைய வேகம் கொஞ்சம் திரும்பியது. ஆகவே உங்கள் கேள்விக்கு, நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்துவோம் என்று மற்றவர்கள் சொல்லியிருந்தால் பெர்ரி போயிருக்கமாட்டார், அந்த மனிதர் வேண்டாத வேலையில் இன்னும் பத்து வருடம் மாட்டியிருப்பார்.

கே: ஏன் பிரிந்தார்கள்? திரும்பச் சேர்வார்களா? (திருப்பாதிரிப்புலியூர்)

சண்டை இல்லை. 2011 மார்ச்சில் கடைசி ஆல்பம், கம்பெனிக்குக் கொடுக்கவேண்டியதையெல்லாம் கொடுத்து முடித்தார்கள். செப்டம்பர் 21 அன்று ஒரு சின்ன அறிக்கை, கதை முடிந்தது. பிரிவு விழா, கடைசிச் சுற்றுப்பயணம், நாலு மடங்கு டிக்கெட் விலை எதுவும் கிடையாது. எனக்கு அந்த வருடம் இரண்டு காரணத்துக்காக நினைவிருக்கிறது, டிசம்பரில் தானே புயல் வந்து நம் ஊரையே புரட்டிப்போட்டது.

2024 ஜூனில் நியூயார்க்கில் பாடலாசிரியர்களுக்கான கௌரவ விழாவில் பெர்ரியோடு சேர்ந்து நாலு பேரும் மேடையேறி 'லூசிங் மை ரிலிஜன்' மட்டும் வாசித்தார்கள். மறுபடி சேர என்ன நடக்கவேண்டும் என்று டிவியில் கேட்டபோது, வால் நட்சத்திரம் வரவேண்டும் என்றார் மில்ஸ்.

கே: எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம், அண்ணா? (கல்லூரி மாணவி, முத்தியால்பேட்டை)

'ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்', 1992. ஹெட்ஃபோனில், விளக்கை அணைத்துவிட்டு. மெதுவான ஆல்பம், சாவைப் பற்றியும் வயதாவதைப் பற்றியும் நிறையப் பாட்டு, ஆனால் அழவைக்காது. சில பாட்டுகளில் வயலின்களை அமைத்துக்கொடுத்தவர் லெட் ஜெப்பலின் குழுவின் ஜான் பால் ஜோன்ஸ். அது பிடித்தால் 'மர்மர்', அப்புறம் நான் மேலே சொன்ன 'நியூ அட்வென்ச்சர்ஸ்'. 'ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்' என்ற பெயரைப் பார்த்துப் பயப்படவேண்டாம், அது ஏதென்ஸில் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையின் பலகை வாசகம். என்ன கேட்டாலும் கடைக்காரர் "ஆட்டோமேட்டிக்!" என்பாராம், அதாவது இதோ வந்துடுச்சு.

தலைமுடி பற்றி எழுதிய ஆறு பேரும் பொறுத்துக்கொள்ளவும். அடுத்த இதழ் உங்களுடையது.