கேட்டுவிட்டு விசாரியுங்கள்

கேள்வி: அக்கா, வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) எனக்குச் சின்ன வீடு ஒன்று இருக்கிறது. என் கணவர் வேலை செய்த தோட்டத்தை விற்றபோது அவருக்குக் கிடைத்த நஷ்டஈட்டுப் பணத்தில் வாங்கியது. அவர் இப்போது இல்லை. அந்த வாடகைதான் என் மருந்துச் செலவுக்கு. முன்பு குடியிருந்தவர் மூன்று மாத வாடகையையும் 640 வெள்ளி கரண்ட் பில்லையும் கட்டாமல் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டார். மீட்டர் என் பேரில் இருந்ததால் பில்லை நான்தான் கட்டினேன். இப்போது ஓர் இளம் ஜோடி வீடு கேட்டு வந்திருக்கிறார்கள். பையனுக்குக் கமுண்டிங்கில் ஃபேக்டரி வேலை. அவனுக்குத் தெரியாமல் அவன் வேலையிடத்துக்கும் பழைய வீட்டுக்காரம்மாவுக்கும் போன் போட்டுக் கேட்டுவிடு என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். கேட்கலாமா? அனுமதி வாங்கப் போனால் பையன் கோபித்துக்கொள்வானோ?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, கட்டாயம் விசாரியுங்கள். ஆனால் பையனிடம் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு விசாரியுங்கள்.

விசாரிப்பதில் தப்பே இல்லை. ஒருவர் குடிவந்த பிறகு வாடகை தராவிட்டால் பூட்டை மாற்றி அவரை வெளியே அனுப்ப நம்மால் முடியாது. மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டப்படி அதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும். வழக்கறிஞர் செலவு, அலைச்சல், மாதக்கணக்கில் காத்திருப்பு எல்லாம் உங்கள் தலையில். அதனால் சாவி கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வதுதான் சரி.

நான் பிறந்து வளர்ந்ததும் தோட்டத்தில்தான். லயத்து வீட்டுக்கு யாரும் சான்று கேட்டதில்லை. விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போதே யார் ஒழுங்காக வேலைக்கு வருகிறவர், யார் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறவர் என்று கிராணிக்கும் (தோட்டத்துக் குமாஸ்தாவுக்கும்) தெரியும், ஊருக்கும் தெரியும். தாமானில் அது இல்லை. அந்தப் பழக்கம் மட்டும் நம்மிடம் மிச்சம் இருக்கிறது, நாலு பேரிடம் காதோடு காதாகக் கேட்டுவிடலாம் என்று. நானும் அப்படிச் செய்தவள்தான்.

வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக இருந்தபோது என் வீட்டுப் பின்பக்க அறையை வாடகைக்கு விட நினைத்தேன். வெல்டிங் வேலை செய்யும் ஒரு தம்பி வந்தார். நல்ல பிள்ளையாகத் தெரிந்தார். இருந்தாலும் அவர் வேலையிடத்துக்குப் போன் போட்டு, நிரந்தர வேலைதானா என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். "ஏன், எங்கள் ஆஸ்டலை விட்டுப் போகிறாரா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. அந்தத் தம்பி தீபாவளி போனஸ் வாங்கிய பிறகு நோட்டீஸ் கொடுத்துவிட்டு, எங்கள் ஊரில் வேறு வேலைக்குச் சேர இருந்தவர். என் போன் காலில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. போனஸ் போயிற்று. அடுத்த வாரம் என் வீட்டு கேட் முன்னால் நின்றார். ஹெல்மெட் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே, "அக்கா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அறையையும் அவர் எடுக்கவில்லை. அந்த விரல் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

சட்டமும் இதே பக்கம்தான். 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. வணிகத் தொடர்பில் ஒருவரின் சொந்த விவரங்களை வாங்கினால், எதற்காக வாங்குகிறோம், யாரிடம் காட்டுவோம் என்று எழுத்தில் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். ஆகவே கடிதத்தை இரண்டு மொழியிலும் டைப் செய்து, அந்த ஜோடிக்குத் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பெரிய பத்திரம் தேவையில்லை. ஒரு தாளில் இந்த அளவு போதும்:

"இந்த வீட்டை வாடகைக்கு எடுக்கும் என் விண்ணப்பத்துக்காக மட்டும், வீட்டு உரிமையாளர் நான் முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளரிடமும் நான் வேலை செய்யும் இடத்திலும் கீழே எழுதியுள்ள எண்களில் பேசச் சம்மதிக்கிறேன். வாடகையை நேரத்துக்குக் கட்டினேனா, பில் பாக்கி வைத்தேனா, வீட்டை எந்த நிலையில் விட்டேன், எவ்வளவு காலமாக வேலையில் இருக்கிறேன் என்பவற்றை மட்டும் கேட்கலாம். எழுத்தில் தெரிவித்து இந்தச் சம்மதத்தை நான் திரும்பப் பெறலாம். வீடு எனக்குக் கிடைக்காவிட்டால் என் நகல்களை அழித்துவிட வேண்டும்."

கீழே பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், தேதி, கையெழுத்து. மனைவியின் விவரத்தையும் கேட்பதாக இருந்தால் அவரும் தனியாகக் கையெழுத்துப் போடட்டும். புருஷன் போட்ட கையெழுத்து மனைவிக்குச் சேராது.

கடிதத்தில் என்ன எழுதினீர்களோ அதைத்தான் போனில் கேட்க வேண்டும். பழைய வீட்டுக்காரம்மா பேச ஆரம்பித்தால், அந்தப் பெண் அம்மா வீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு போனது வரை சொல்லுவார். அதைக் காதில் வாங்காதீர்கள். கோயிலுக்குப் போகிறவர்களா, சர்ச்சுக்குப் போகிறவர்களா என்றும் கேட்காதீர்கள். மதம், நோய், போலீஸ் வழக்கு போன்றவற்றைச் சட்டம் இன்னும் கண்டிப்பாகக் காக்க வேண்டிய விவரங்களாகவே வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால், அவை எதுவும் ஒருவர் வாடகை கட்டுவாரா என்பதைச் சொல்லிவிடாது. பழைய வீட்டின் கடைசி மூன்று கரண்ட் பில் சொல்லும். அதை அவர்களையே கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஏஜெண்ட் யாராவது, கடன் விவரம் தரும் சிடோஸ் நிறுவனத்தின் அறிக்கை எடுக்கலாம் என்பார். அதற்கும் பையனின் சம்மதம் வேண்டும். மத்திய வங்கியான பேங்க் நெகாரா வைத்திருக்கும் சிக்ரிஸ் என்ற கடன் பதிவு விவரத்தை வீட்டுக்காரர் நேராக எடுக்க முடியாது. ஒருவர் தம் விவரத்தைத் தாமே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக்கு இவ்வளவு தேவையில்லை என்று நினைக்கிறேன். மூன்று மாதச் சம்பளச் சீட்டும் இரண்டு போன் காலும் போதும்.

கோபித்துக்கொள்வானோ என்று கேட்டீர்கள். பையன் தயங்கினால் உடனே கெட்டவன் என்று முடிவு கட்டாதீர்கள், காரணம் கேளுங்கள். வேலையிடத்துக்கு மட்டும் போன் வேண்டாம் என்றால், அந்த வரியை அடித்து, இருவரும் பக்கத்தில் சுருக்கொப்பம் போடுங்கள். சம்பளச் சீட்டை வைத்து முடிவு செய்யலாம். பழைய வீட்டுக்காரம்மாவிடமும் பேச வேண்டாம், பில்லும் கிடையாது, எதுவும் கிடையாது என்றால் வேறு ஆள் பாருங்கள். உங்கள் மருந்துப் பணம் முக்கியம்.

கேள்வி: வாடகை அறைக்காக என் ஐசியையே வாங்கி வைத்துக்கொள்வேன் என்கிறார் வீட்டுக்காரர். கொடுக்கலாமா?
– வேலை தேடி வந்த வாசகர், கோல கங்சார்

பதில்: கொடுக்காதீர்கள், தம்பி. ஐசியை வாங்கி வைத்துக்கொள்ள வீட்டுக்காரருக்கு அதிகாரம் கிடையாது. அசலைக் காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். நகலின் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, நடுவில் 'வீட்டு வாடகைக்கு மட்டும்' என்று மலாயில் எழுதித் தேதி போடுங்கள். கோடு படத்தின் மேலும் எண்ணின் மேலும் கொஞ்சம் படட்டும், ஆனால் படிக்க முடிய வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாலும் எழுதிய பிறகு படம் எடுத்து அனுப்புங்கள்.